விக்ஸ்பர்க்கில் ஒன்றரை நாள்: குழந்தைகளோடு மிசிசிப்பிக் கரைக்குப் போகிறவர்களுக்கு

டல்லாஸுக்கும் அட்லாண்டாவுக்கும் இடையே ஐ-20 நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள் எல்லோரும் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கைத் தாண்டித்தான் போகிறார்கள். டல்லாஸிலிருந்து சுமார் 365 மைல், அட்லாண்டாவிலிருந்து சுமார் 430 மைல். பாதி வழியில் பெட்ரோல் போட்டு, பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டு, ஆற்றுப் பாலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். அங்கே ஓர் இரவு தங்கினால் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய ஆறு, ஆற்றின் அடியிலிருந்து எடுத்த போர்க்கப்பல், உள்ளே ஏறிப் பார்க்கும் இழுவைப்படகு, நீரூற்றில் ஆட்டம் எல்லாம் கிடைக்கும். செலவும் குறைவு.

முதல்முறை போகும் குடும்பங்கள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. ஊரின் பெரிய பெயர் விக்ஸ்பர்க் தேசிய ராணுவப் பூங்கா. அதற்குள் 16 மைல் சுற்றுச்சாலை, 1,300-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். ‘வந்ததுதான் வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்’ என்று கிளம்பினால் நான்காவது நிறுத்தத்திலேயே சின்னவர்கள் தூங்கிவிடுவார்கள், பெரியவர்கள் காரைவிட்டு இறங்க மறுப்பார்கள். பூங்காவில் ஐந்தாறு இடம், மிச்ச நேரம் ஆற்றங்கரை என்று பிரித்துக்கொண்டால் பயணம் நன்றாக அமையும்.

புறப்படும் முன்

மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் 33 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலோடு புழுக்கமும் சேரும். பிற்பகலில் இடிமழை வரும். பள்ளி விடுமுறை காரணமாகக் கோடையில்தான் போக முடியும் என்றால், வெளியிடங்களைக் காலை 11 மணிக்குள் முடித்துவிட்டு மதியத்தைக் குளிரூட்டிய அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்குங்கள். கீழே உள்ள திட்டமும் அந்தக் கணக்கில்தான் போட்டிருக்கிறது.

கார் இல்லாமல் இந்த ஊரைச் சுற்ற முடியாது. ஆம்ட்ராக் ரயில் இங்கே வருவதில்லை. விமானத்தில் வருகிறவர்கள் ஜாக்சனில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து மேற்கே ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். தங்கும் விடுதிகள் பெரும்பாலும் ஐ-20 வெளியேறு வழிகளை ஒட்டியே இருக்கின்றன. கிளே தெரு வெளியேறு வழிக்கு (எண் 4) அருகே அறை எடுத்தால் பூங்கா வாசல் பக்கத்திலேயே இருக்கும், நகரமும் பத்து நிமிடத் தொலைவுதான். ஆற்றை ஒட்டிச் சில சூதாட்ட விடுதிகள் மலிவான அறை தருகின்றன. சூதாடும் கூடத்துக்குள் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நுழையக் கூடாது. சில இடங்களில் சிகரெட் புகை கூடத்துக்கு வெளியேயும் வரும். குழந்தைகளோடு வருகிறவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

வெள்ளி இரவு வந்து சேருங்கள். நகரத்தின் சிறு அருங்காட்சியகங்கள் ஞாயிறு, திங்களில் மூடியிருக்கவோ பாதி நாள் மட்டும் திறந்திருக்கவோ வாய்ப்பு அதிகம். சனிக்கிழமையை நம்பலாம். ராணுவப் பூங்காவின் சாலை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய மூன்று நாள்தான் விடுமுறை. ஆனால் பூங்காவின் வரவேற்பு மையமும் கப்பல் அருங்காட்சியகமும் வாரத்தில் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. முந்தைய வாரம் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: திறப்பு நேரம், சாலை மூடல். 2020-ல் பெய்த கனமழையில் கல்லறைப் பக்கம் மண் சரிந்து சாலையின் ஒரு பகுதி மூடப்பட்டது. அதற்குப் பிறகு சுற்றுப்பாதை பழைய வரைபடத்தில் உள்ளபடி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. செல்பேசி வரைபடம் காட்டும் வழியைவிட வாசலில் கொடுக்கும் தாளையே நம்புங்கள்.

நுழைவுக் கட்டணம் அண்மைக் காலமாக ஒரு காருக்கு 20 டாலர். அது 7 நாள் செல்லும் என்பதால் ரசீதைக் காரிலேயே வைத்திருங்கள். மறுநாள் காலை மீண்டும் உள்ளே போக உதவும். வங்கி அட்டை கையில் இருக்கட்டும். அமெரிக்காவில் வசித்து நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால், ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ இலவச அனுமதியை வீட்டிலேயே இணையத்தில் எடுத்து வையுங்கள். குடும்பம் முழுவதும் அதில் உள்ளே போகலாம்.

காரில் வைக்க வேண்டியவை: தலைக்கு ஒரு லிட்டராவது தண்ணீர், கொசு விரட்டி, நீளக் காலுறை, தொப்பி, உட்கார ஒரு தடித்த விரிப்பு. விரிப்பு எதற்கென்றால், இந்தப் பகுதியின் புல்வெளிகளில் நெருப்பெறும்பு நிறைய. மேடு தெரியாமல் குழந்தை மிதித்துவிட்டால் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கடி விழும்; மறுநாள் ஒவ்வொன்றும் சீழ்க் கொப்புளமாகும். கடித்தால் உடனே நகர்ந்து கையால் தட்டிவிடுங்கள், தண்ணீர் ஊற்றினால் எறும்பு போகாது. பிறகு பனிக்கட்டி ஒற்றடம் கொடுங்கள். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. மரநிழலில் மூன்று மூன்று இலையாகப் படரும் கொடியைத் தொட வேண்டாம் என்றும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அது பாய்சன் ஐவி. பட்டால் தோல் வாரக்கணக்கில் அரிக்கும்.

பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியது

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி நீண்ட பாடம் எடுக்கத் தேவையில்லை. இரண்டு பொருள் தெரிந்தால் ஊர் முழுவதும் விளங்கிவிடும்: ஆறு, மண்.

ஆறு இங்கே அந்தக் காலத்தில் கொண்டை ஊசி போல வளைந்து ஓடியது. வளைவில் படகு வேகம் குறைக்க வேண்டும், மேலே ஏறக்குறைய 200 அடி உயரக் குன்றுகள். குன்றில் பீரங்கி வைத்தவர் கையில் ஆறு இருந்தது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படை அந்தக் குன்றில் இருந்தது. யுலிசஸ் கிராண்ட் தலைமையிலான வடக்குப் படை நேரடித் தாக்குதலில் தோற்று, பிறகு ஊரைச் சுற்றி வளைத்து முற்றுகையிட்டது. 1863 மே 18-ல் தொடங்கிய முற்றுகை 47 நாள் நீடித்தது. ஜூலை 4-ஆம் தேதி தென்படைத் தளபதி ஜான் பெம்பர்டன் சரணடைந்தார்.

மண் இதைவிட முக்கியம். குன்றுகள் ‘லோயஸ்’ என்னும் மண்ணால் ஆனவை. பனியுகக் காலத்தில் காற்று அள்ளி வந்து குவித்த மென்தூள் அது. செங்குத்தாக வெட்டினால் சுவர் போல நிற்கும், மண்வெட்டியால் எளிதாகத் தோண்டலாம், ஆனால் தண்ணீர் புகுந்தால் கரைந்து சரியும். குண்டு மழைக்குப் பயந்த ஊர் மக்கள் குகை தோண்டி வாழ முடிந்ததும், படைவீரர்கள் சுரங்கம் வெட்ட முடிந்ததும், இன்று சாலை சரிவதும் இந்த ஒரே காரணத்தால்தான். பூங்காவில் எங்காவது வெட்டுச்சுவர் தெரிந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சனி காலை: பூங்காவில் மூன்றரை மணி நேரம்

வாசல் திறக்கும் 8 மணிக்கே போய்விடுங்கள். வரவேற்பு மையத்தில் முதல் வேலை, ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்குவது. வயதுக்கேற்ற பக்கங்களை முடித்துத் திருப்பிக் காட்டினால் ரேஞ்சர் (பூங்கா அலுவலர்) உறுதிமொழி எடுக்கவைத்துச் சின்னம் தருவார். எங்கே, எத்தனை மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதை வாங்கும்போதே கேளுங்கள். முடித்த புத்தகத்தோடு பூட்டிய கதவின் முன் நிற்கும் ஆறு வயதுக் குழந்தையைச் சமாதானப்படுத்துவது கடினம். கோடையில் பீரங்கி வெடித்துக் காட்டும் நிகழ்ச்சி நடப்பதுண்டு. அதன் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தத்துக்கு அஞ்சும் குழந்தை என்றால் தூரத்தில் நில்லுங்கள்.

கழிவறையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது கப்பல் அருங்காட்சியகத்தில்தான். பூங்காவுக்குள் உணவகம் இல்லை. சாலை ஒருவழி, ஏற்ற இறக்கமும் வளைவும் அதிகம். காரில் வாந்தி வரும் பிள்ளையை முன்னால் பார்த்து உட்காரச் சொல்லுங்கள், புத்தகத்தைக் கார் நின்ற பிறகே திறக்கச் சொல்லுங்கள்.

சாலையோரப் பலகைகளைப் படிக்க எளிய வழி நிறம். நீலப் பலகை வடக்குப் படையைக் குறிக்கும், சிவப்பு தென்படையை. இதைச் சொல்லிவிட்டால் நான்கு வயதுக் குழந்தைகூட எந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று காரிலிருந்தே சொல்லும்.

இறங்க வேண்டிய இடங்களில் முதன்மையானது இல்லினாய் நினைவகம். 1906-ல் திறந்த வெள்ளைக் குவிமாடக் கட்டடம், ரோமின் பாந்தியன் கோவிலைப் பார்த்துக் கட்டியது. வாசல் படிகளைப் பிள்ளைகளையே எண்ணவிடுங்கள்: 47 வரும், முற்றுகை நாள் ஒன்றுக்கு ஒரு படி. உள்ளே கூரையின் நடுவில் திறந்த வட்டம். வெயிலும் மழையும் நேராகத் தரையில் விழும். வட்டத்துக்கு நேர் கீழே நின்று மெல்லப் பேசினாலும் எதிரொலிக்கும். சுவரைச் சுற்றிய வெண்கலத் தகடுகளில் 36,325 பெயர்கள். வெறுமனே ‘பார்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு பெயரைத் தேடச் சொல்லுங்கள். 95-ஆம் இல்லினாய் காலாட்படையின் பட்டியலில் ஆல்பர்ட் டி. ஜே. கேஷியர் என்ற பெயர் இருக்கிறது. அயர்லாந்தில் ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெண்ணாகப் பிறந்து, ஆண் உடையில் படையில் சேர்ந்து போர் முழுவதும் பணியாற்றியவர். போருக்குப் பின்னும் ஆணாகவே வாழ்ந்தார். உண்மை வெளிவர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. இந்தத் தேடலுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் இதை மறக்க மாட்டார்கள்.

பக்கத்திலேயே ஷர்லி வீடு. பூங்காவுக்குள் போர்க்காலத்திலிருந்து எஞ்சி நிற்கும் ஒரே கட்டடம் இது. வெளியே நின்று பார்த்தால் போதும். அடுத்து மூன்றாம் லூசியானா அரண். சுரங்கத் தொழில் தெரிந்த வடக்கு வீரர்கள் இந்த மண்ணரணின் அடிவரை குடைந்து போய், 2,200 பவுண்டு வெடிமருந்தை வைத்து ஜூன் 25-ல் வெடிக்கவைத்தார்கள். பெரிய பள்ளம் விழுந்தது, ஆனாலும் அரணைப் பிடிக்க முடியவில்லை. மண்ணைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் ‘எப்படித் தோண்டினார்கள்?’ என்ற கேள்விக்குப் பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

தேயர் அணுகுவழியில் இறங்கி, சாலைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதை வழியாக நடந்து மறுபக்கம் வாருங்கள். எதிரிக் குண்டு படாமல் மேட்டைக் கடக்க வடக்கு வீரர்கள் வெட்டியது. இப்போது உள்ளே செங்கல் பூசியிருக்கிறது. மழைக்கு மறுநாள் வழுக்கும். மறுபக்கம் தெரியும் செங்குத்து மேட்டைப் பார்த்த பிறகுதான் அதில் ஏறித் தாக்கச் சொன்ன உத்தரவின் கொடுமை புரிகிறது. விஸ்கான்சின் நினைவுத் தூணின் உச்சியில் இருக்கும் வெண்கலக் கழுகு ‘ஓல்ட் ஏப்’, அந்த மாநிலத்தின் 8-ஆம் படைப்பிரிவு உண்மையிலேயே போருக்குத் தூக்கிச் சென்ற கழுகு. சின்னவர்களுக்கு அது போதும்.

கிராண்ட் அவென்யூவில் 2004-ல் நிறுவிய மிசிசிப்பி ஆப்பிரிக்க அமெரிக்கர் நினைவுச் சின்னத்தைக் கட்டாயம் நிறுத்திக் காட்டுங்கள். கறுப்பினப் படைவீரர் இருவர், ஒரு வயல் தொழிலாளி என மூன்று உருவங்கள். வயல் தொழிலாளி திரும்பிப் பார்க்கிறார், அது அடிமைக் காலம். காயம்பட்ட வீரரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு வீரர் முன்னே பார்க்கிறார். விக்ஸ்பர்க்குக்கு மேலே மில்லிகன்ஸ் பெண்ட் என்ற இடத்தில் 1863 ஜூன் 7-ல், சில வாரங்களுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள் சீருடை அணிந்து போரிட்டார்கள். நூற்றுக்கணக்கான பளிங்குச் சின்னங்களுக்கு நடுவே இந்த ஊரில் போர் எதற்காக நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு நேராகச் சொல்லும் இடம் இதுதான்.

பீரங்கி மீதும் சின்னங்கள் மீதும் ஏறக் கூடாது. உலோகம் கண்டுபிடிக்கும் கருவி கொண்டுவருவது குற்றம். தரையில் பழைய குண்டு கிடந்தாலும் தொடாமல் ரேஞ்சரிடம் சொல்லுங்கள்.

கெய்ரோ கப்பல்: அவசரப்படக் கூடாத இடம்

யு.எஸ்.எஸ். கெய்ரோ 175 அடி நீளம், 51 அடி அகலம் கொண்ட இரும்புக் கவசப் போர்க்கப்பல். 13 பீரங்கி. 1862 டிசம்பர் 12-ல் யாஸூ ஆற்றில், தென்படையினர் தண்ணீருக்குள் வைத்திருந்த வெடிகள் வெடித்து 12 நிமிடத்தில் மூழ்கியது. ஒருவர்கூட உயிரிழக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆற்று வண்டல் கப்பலை மூடிவிட்டது. வண்டலுக்குள் காற்று புகாததால் மரமும் தோலும் மட்காமல் இருந்தன. 1956-ல் பூங்காவின் வரலாற்றாளர் எட்வின் பேர்ஸும் இரு நண்பர்களும் சாதாரணத் திசைகாட்டியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தார்கள்: அத்தனை இரும்பு கீழே இருந்தால் முள் திரும்பும். 1964-ல் தூக்கும்போது எஃகு வடங்கள் மரத்தை அறுத்துக்கொண்டு இறங்கின. முழுதாகத் தூக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, மூன்று துண்டாக எடுத்தார்கள். இன்று பெரிய கூரைக்குக் கீழே நிற்கும் கப்பலில் இடைவெளிகளைப் புதிய மரம் நிரப்புகிறது. எது பழைய மரம், எது புதியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நிறத்திலேயே தெரியும்.

நடைபாதை கப்பலின் உள்ளேயே போகிறது. கொதிகலன், பீரங்கி, சக்கரம் எல்லாவற்றையும் அருகில் பார்க்கலாம். கப்பல் இருப்பது திறந்தவெளிக் கூரையின் கீழ் என்பதால் கோடையில் 11 மணிக்குப் பிறகு வெக்கை தாங்காது. முதலில் கப்பல், பிறகு குளிரூட்டிய அருங்காட்சியகம் என்று போங்கள். அங்கே மாலுமிகளின் காலணி, தட்டு, மருந்துப் புட்டி, சீப்பு எல்லாம் கிடைத்தபடியே வைத்திருக்கிறார்கள். தளபதிகளின் சிலையைவிட ஒரு மாலுமியின் சீப்புதான் பிள்ளைகளைப் பேசவைக்கும்.

எதிரே குன்றுச் சரிவில் தேசியக் கல்லறை. சுமார் 17,000 வடக்கு வீரர்கள். அவர்களில் ஏறக்குறைய 13,000 பேரின் பெயர் தெரியாது. பெயர் தெரியாதவர்களுக்கு எண் மட்டும் பொறித்த சிறு சதுரக் கல். ஓடி விளையாடும் இடம் இல்லை. பிள்ளைகள் களைத்திருந்தால் காரிலிருந்தே பார்த்துவிட்டுச் செல்லலாம்.

சனி மதியம்: வாஷிங்டன் தெருவும் ஆற்றங்கரையும்

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தெற்கத்திச் சமையலில் காய்கறி என்று பட்டியலில் இருப்பது சைவம் என்று அர்த்தம் இல்லை. கீரையும் பீன்ஸும் பெரும்பாலும் பன்றி எலும்போடு வேகவைத்தவை. கம்போ என்னும் கெட்டிக் குழம்பில் மாவும் வெண்டைக்காயும் தெரிந்தாலும் தொத்திறைச்சி இருக்கும். சோள ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு. ‘சைவமா?’ என்று கேட்காமல் ‘இதில் பன்றி இறைச்சியோ கோழிச் சாறோ சேர்த்திருக்கிறதா?’ என்று கேளுங்கள். சரியான பதில் வரும். சோள மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காயும் பச்சைத் தக்காளியும் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பது வழக்கம். கண்டிப்பான சைவர்கள் குளிர்ப்பெட்டியில் தயிர்சாதம் கொண்டுவந்துவிடுவது நிம்மதி. அசைவம் சாப்பிடுகிறவர்கள் கெளுத்தி மீன் பொரியலையும், சோள மாவுக்குள் இறைச்சி வைத்துக் காரமான சாற்றில் வேகவைத்த டமாலேயையும் தவறவிட வேண்டாம். தேநீர் கேட்டால் சர்க்கரைப் பாகு போல இனிக்கும் குளிர்தேநீர் வரும். சர்க்கரை வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள்.

சாப்பிட்டதும் வாஷிங்டன் தெருவில் உள்ள பீடன்ஹார்ன் கோக்கோ கோலா அருங்காட்சியகம். 1894-ல் ஜோசப் பீடன்ஹார்ன் என்ற மிட்டாய் வணிகர் இந்தக் கடையில்தான் கோக்கோ கோலாவை முதன்முதலில் புட்டியில் அடைத்தார். அதுவரை கடையில் நின்று குவளையில் குடிக்கும் பானமாகவே அது இருந்தது. நாட்டுப்புறத் தோட்டங்களுக்கும் மரம் வெட்டும் முகாம்களுக்கும் அனுப்ப அவருக்குப் புட்டி தேவைப்பட்டது. சின்ன இடம், அரை மணி நேரம் போதும். ஐஸ்கிரீம் மிதக்கவிட்ட கோக் வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்துப் போங்கள்.

அதே தெருவில் கீழ் மிசிசிப்பி ஆற்று அருங்காட்சியகம். நுழைவு இலவசம், ஊரிலேயே பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். 2012-ல் திறந்தது, ராணுவப் பொறியாளர் படை நடத்துகிறது. ஆற்று மீன்கள் நீந்தும் தொட்டி ஒன்று இருக்கிறது. வெளியே எம்.வி. மிசிசிப்பி என்ற பெரிய இழுவைப்படகைத் தரையிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1993-ல் ஓய்வு பெற்றது. இயந்திர அறை முதல் மேலே மாலுமி அறை வரை ஏறி இறங்கலாம். படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். தள்ளுவண்டியைக் கீழே விட்டுவிட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், இரண்டு பெரியவர்கள் இருப்பது நல்லது. வெளி முற்றத்தில் ஆற்றின் சிறு மாதிரி. தண்ணீர் ஓடும்போது வளைவில் மண் எங்கே அரிக்கிறது, எங்கே படிகிறது என்று கையால் தொட்டே அறியலாம். மாற்றுடை கொண்டுவாருங்கள்.

அங்கிருந்து லெவி தெருவுக்கு இறக்கம் செங்குத்து. தள்ளுவண்டியோடு நடப்பதைவிடக் காரை எடுத்துக் கீழே நிறுத்துவது எளிது. கீழே கேட்ஃபிஷ் ரோ கலைப் பூங்காவில் தரையிலிருந்து பீறிடும் நீரூற்றும் விளையாட்டுச் சாதனங்களும் இருக்கின்றன. நீரூற்று வெயில் காலத்தில் மட்டும் ஓடும். கான்கிரீட் தரை பிற்பகலில் சுடும், ரப்பர் செருப்பு போட்டுவிடுங்கள். அருகில் ரயில் தண்டவாளம் போகிறது. நடந்து கடக்கும் இடங்களில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எதிரே வெள்ளத் தடுப்புச் சுவர் முழுவதும் ராபர்ட் டாஃபோர்டின் சுவரோவியங்கள். எல்லாவற்றையும் விளக்க வேண்டாம், மூன்றைத் தேடச் சொல்லுங்கள். ஒன்று, 1902-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் கரடி வேட்டை: கட்டிப்போட்ட கரடியைச் சுட அவர் மறுத்ததிலிருந்துதான் டெடி பொம்மை பிறந்தது, வேட்டையை நடத்தியவர் அடிமையாகப் பிறந்த ஹோல்ட் காலியர். இரண்டாவது, சுல்தானா நீராவிக் கப்பல்: விடுதலையான போர்க்கைதிகளை அளவுக்கு மீறி ஏற்றி விக்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, 1865 ஏப்ரல் 27-ல் மெம்ஃபிஸ் அருகே கொதிகலன் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றாவது, 1915-ல் இதே ஊரில் பிறந்த ப்ளூஸ் இசைக்கலைஞர் வில்லி டிக்சன்.

பக்கத்தில் 1907-ல் கட்டிய ரயில் நிலையம், இப்போது பழைய டெப்போ அருங்காட்சியகம். மாதிரி ரயில்களும் படகுகளும் முற்றுகைக் களத்தின் பெரிய மாதிரியும் உள்ளே. ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் ஒரு மணி நேரம் நகராது. கட்டடத்தின் வெளிச்சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்திருக்கிறார்கள். இங்கே ஆற்றளவு 43 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று கணக்கு. 1927-ல் 56.2 அடி, 2011 மே மாதம் 57.1 அடி. பிள்ளையைச் சுவரோடு நிறுத்திப் பாருங்கள், அந்த எண்களுக்குப் பொருள் வரும். வசந்த காலத்தில் ஆறு உயர்ந்திருந்தால் கரையோரப் பகுதிகள் மூடியிருக்கலாம்.

கரையில் நின்றதும் ‘இதுதான் மிசிசிப்பியா?’ என்று கேட்பார்கள். இல்லை. 1876 ஏப்ரலில் மிசிசிப்பி தன் வளைவை அறுத்துக்கொண்டு ஊரைவிட்டு விலகிப் போய்விட்டது. கிராண்டின் வீரர்கள் மாதக்கணக்கில் கால்வாய் வெட்டியும் செய்ய முடியாததை ஆறு தானே செய்துகொண்டது. துறைமுகம் தூர்ந்து போகவே, பொறியாளர்கள் யாஸூ ஆற்றைத் திருப்பி 1903-ல் ஊர் முன்னால் ஓடவிட்டார்கள். கண்ணெதிரே இருப்பது அப்படித் திருப்பிவிட்ட யாஸூ கால்வாய். வண்டல் கரை வழுக்கும், நீரோட்டம் இழுக்கும். கால் நனைக்கக்கூட இறங்கவிட வேண்டாம்.

ஞாயிறு காலை: உண்மையான மிசிசிப்பி

ஐ-20-இல் பாலத்துக்குச் சற்று முன்னால், 1ஏ வெளியேறு வழியில் மிசிசிப்பி மாநில வரவேற்பு மையம் இருக்கிறது. அங்கிருந்து குன்றின் மேல் நின்று முழு ஆற்றையும், 1930-இல் திறந்த பழைய பாலத்தையும் பார்க்கலாம். பழைய பாலத்தில் இப்போது ரயில் மட்டும் போகிறது. இழுவைப்படகு வரும்வரை காத்திருங்கள். பெயர்தான் இழுவைப்படகு, அது பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு தட்டைப்படகும் 195 அடி நீளம், சுமார் 1,500 டன் சரக்கு. கீழ் மிசிசிப்பியில் முப்பது, நாற்பது தட்டைப்படகுகளை ஒன்றாகக் கட்டித் தள்ளுவது சாதாரணம். நெடுக்கில் எத்தனை, குறுக்கில் எத்தனை என்று எண்ணிப் பெருக்கச் சொல்லுங்கள். பாலத்துக்கு மேலேயே ஆறு வளைவதால், நீரோட்டம் படகுகளைத் தூண்கள் பக்கம் தள்ளும். தூண்களில் இடித்த விபத்துகள் பல. படகோட்டி எப்படி வளைவில் கோணம் பிடித்துத் திருப்புகிறார் என்று பார்ப்பதே ஒரு காட்சி.

நேரம் மிச்சம் இருந்தால் சனிக்கிழமை ரசீதோடு பூங்காவுக்குத் திரும்பி, விடுபட்ட ஓரிரு இடம் பார்த்து ஜூனியர் ரேஞ்சர் சின்னத்தை வாங்கிக்கொள்ளலாம். 1860-ல் கட்டி முடித்த பழைய நீதிமன்ற அருங்காட்சியகம் கட்டட அழகுக்காகவே பார்க்கத் தக்கது. ஆனால் கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்த பழைய பாணி அருங்காட்சியகம், 10 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அலுக்கும். அங்கே உள்ள பொருள்கள் பெரும்பாலும் தென்பகுதி வெள்ளைக் குடும்பங்களின் வாழ்வைச் சொல்பவை. அந்த வீடுகளில் உழைத்த அடிமைகளைப் பற்றி நீங்களாகவே பேச வேண்டியிருக்கும். பழைய மாளிகைச் சுற்றுலாக்களுக்கும் இதே அளவுகோல். உடையும் பொருள் நிறைந்த வீடுகளுக்குள் ஓடும் வயதுப் பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம்.

கிளம்பும் திசையைப் பொறுத்து ஒன்று கூட்டிக்கொள்ளலாம். மேற்கே டெக்சஸ் திரும்புகிறவர்கள், லூசியானாவில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவில் பாவர்ட்டி பாயின்ட் பார்க்கலாம். 3,000 ஆண்டுகளுக்கும் முன்பு வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள் கூடைகூடையாக மண் சுமந்து எழுப்பிய மேடுகள் அவை. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தெற்கே நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்களுக்கு 61-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 70 மைலில் நாட்செஸ். அந்த வழியில் பெட்ரோல் நிலையங்கள் குறைவு; விக்ஸ்பர்க்கிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.